கிணற்றடி ஆயில் இன்ஜினை எழுப்பி வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் கிணற்று மேட்டையொட்டி ஓடு சரிந்த இன்ஜின் ரூம் ஒன்று இன்னும் நிற்கிறது. உள்ளே சாக்குப் போர்த்திய ஆயில் இன்ஜின். தாத்தாவோ அப்பாவோ வாங்கியது. பெங்களூருவிலும் ஓசூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "சும்மாதானே கெடக்குது, ஒரு ஆல்டர்னேட்டரை மாட்டி வீட்டுக்குக் கரண்ட் எடுத்தா என்னங்க?"

எடுக்கலாம். சுற்றிவிட்டால் கரண்ட் தரும் இயந்திரம்தான் ஆல்டர்னேட்டர். ஆனால் இன்வெர்ட்டர், பெட்ரோல் ஜெனரேட்டர், சோலார், புது டீசல் ஜென்செட் என்று நான்கு வழிகள் பக்கத்திலேயே இருக்கும்போது, பழைய இன்ஜின் எந்த வேலைக்கு ஈடு கொடுக்கும், எந்த வேலைக்கு வீண் செலவு என்று பார்த்துவிட்டுத்தான் லேத்துப் பட்டறைக்கு வண்டி பிடிக்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஆயில் இன்ஜினை ஓட்டுவது காசைக் கரியாக்குவது. நாள் முழுக்கக் கரண்ட் இல்லாதபோது தண்ணீர் ஏற்றவும், மாவு அரைக்கவும், பேட்டரி ஏற்றவும் ஒரே மூச்சில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கு அது அருமையான இயந்திரம். அதுவும் உங்கள் ரூமிலேயே நின்றால் மட்டும். வெளியில் விலை கொடுத்து வாங்கி எழுப்புவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

அந்த இன்ஜின் அங்கே ஏன் நிற்கிறது என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. மேலே வைத்த சென்ட்ரிஃபியூகல் பம்ப் இருபத்தைந்து அடி ஆழத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. காற்றழுத்தம் அவ்வளவுதான் தூக்கும். அதனால் நம் பக்கத்துப் பெரிய கிணறுகளுக்குள் திட்டு கட்டி பம்பை இறக்கி வைத்தார்கள். இன்ஜின் பெல்ட் போட்டு நேராக பம்பைச் சுற்றியது, நடுவில் கரண்ட் என்ற பேச்சே இல்லை. பிறகு விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது, இன்ஜின் ஓய்ந்தது. கூடவே தண்ணீரும் இறங்கிப் போர்வெல்லுக்குள் போய்விட்டது. இன்று பல நூறு அடிக்குக் கீழே தொங்குவது சப்மெர்சிபிள் மோட்டார். அதற்கு பெல்ட் போட முடியாது, கரண்ட்தான் வேண்டும். ஆக, அன்றைக்கு நேராகத் தண்ணீர் இறைத்த இன்ஜின், இன்றைக்கு ஆல்டர்னேட்டர் வழியாகத்தான் இறைக்க முடியும். அந்தச் சுற்றில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சக்தி போகிறது. உங்கள் கிணற்றில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்றால் ஆல்டர்னேட்டரையே மறந்துவிட்டு, பழையபடி பெல்ட்டில் பம்பைச் சுற்றுங்கள். அதைவிடச் சிக்கனம் வேறில்லை.

முதலில் லோடு

வீட்டு லோடை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது ராத்திரி லோடு: 75 வாட்ஸ் ஃபேன் மூன்று, எல்.இ.டி. பல்பு நான்கு, வைஃபை, டிவி. எல்லாம் சேர்த்து 330 வாட்ஸ் சுற்றி வரும். இரண்டாவது மோட்டார் லோடு: 1 ஹெச்.பி. போர் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓட்டக் கரண்டைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு கேட்கும். முதல் லோடு சிறியது, மணிக்கணக்கில் நீள்வது. இரண்டாவது பெரியது, சீக்கிரம் முடிவது. இரண்டையும் ஒரே இயந்திரத்தால் மலிவாகச் சமாளிக்க முடியாது. இதைக் கவனிக்காமல் இயந்திரம் வாங்குவதால்தான் பல வீடுகளில் ஜெனரேட்டர் ஒரு மூலையில் தூங்குகிறது.

ராத்திரி லோடுக்கு இன்வெர்ட்டருக்கு நிகரில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரியில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கிறது. பேட்டரியை அடிமட்டம் வரை வடிக்காமல், இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் கைக்கு வருவது 1.2 யூனிட். மேலே சொன்ன 330 வாட்ஸுக்கு மூன்றரை மணி நேரம். இங்கே பலரும் இரண்டாவது பேட்டரி வாங்கப் போகிறார்கள். அதற்குப் பதில் ஃபேனை மாற்றுங்கள். 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று போட்டு, டிவியை அணைத்துவிட்டால் லோடு 140 வாட்ஸுக்குள் அடங்கிவிடும். அதே பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கும், விடியும் வரை தூங்கலாம். தினப்படி கரண்ட் பில்லும் குறையும். சத்தமில்லை, புகையில்லை, வயதானவர் எழுந்துபோய் எதையும் சுற்ற வேண்டியதில்லை. டவுனில் இருப்பவருக்கு, குடிநீர் குழாயில் வருபவருக்கு, இதோடு இந்தக் கட்டுரையே முடிந்துவிடலாம்.

பெட்ரோல் ஜெனரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2 கே.வி.ஏ. செட் கையில் தூக்கிப் போகும் எடை. கல்யாணப் பந்தலுக்கும் வெல்டிங் இல்லாத சின்ன வேலைக்கும் நல்லது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் சிறு இன்ஜின் என்பதால் நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வருடக்கணக்கில் உழைக்காது. மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். போர் மோட்டாரை ஸ்டார்ட் செய்யத் திணறும்.

சோலாரில் ஒரு விஷயம் தெரியாமல் நிறையப் பேர் ஏமாற்றமடைகிறார்கள். மத்திய அரசின் சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். ஆனால் லைனோடு இணைக்கும் ஆன்கிரிட் சோலார், லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் காப்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நண்பகல் வெயிலில் மாடி முழுக்கப் பேனல் இருந்தும் வீட்டில் ஃபேன் ஓடாது. கரண்ட் கட்டுக்குத் துணையாக வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேட்டு வாங்க வேண்டும், விலை ஏறும். பில்லைக் குறைக்க ஆன்கிரிட், கரண்ட் கட்டுக்கு ஹைப்ரிட். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புது டீசல் சைலன்ட் ஜென்செட் எல்லாவற்றையும் செய்யும். 5 கே.வி.ஏ. செட்டே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். 2005-லிருந்து தயாராகும் டீசல் ஜென்செட்டுகள் ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக்கூடாது என்பது விதி. அதனால்தான் பெட்டிக்குள் அடைத்து வருகின்றன. பட்டுப்புழு மனை வைத்திருப்பவர்கள், பால் குளிரூட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சூடும், 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். கோடை மத்தியானத்தில் மனையில் ஃபேனும் ஹியூமிடிஃபையரும் சில மணி நேரம் நின்றால் ஒரு மட்டம் புழு போய்விடும். அங்கே பழைய இன்ஜினை நம்பி நிற்பது சரியல்ல.

இனி பழைய இன்ஜின்

நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று, இரண்டு பெரிய ஃப்ளைவீல் சக்கரங்களோடு நிமிடத்துக்கு 650 சுற்றில் நிதானமாக ஓடும் லிஸ்டர் வகை. இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930-ஐ ஒட்டிக் கொண்டுவந்த வடிவம் அது. பிற்பாடு குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளின. சிலிண்டர் விட்டம் (போர்) நாலரை அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) ஐந்தரை அங்குலம், 6 ஹெச்.பி., முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. இன்னொன்று, 1,500 சுற்றில் ஓடும் கிர்லோஸ்கர் ஏ.வி.1 போன்ற 5 ஹெச்.பி. இன்ஜின். சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 110 மில்லிமீட்டர். ஜெனரேட்டருக்கு இரண்டாவதுதான் சுலபம். வீட்டுக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸ், நான்கு காந்த முனை (போல்) உள்ள ஆல்டர்னேட்டர் அதைத் தருவது 1,500 சுற்றில். ஆகவே கப்ளிங் போட்டு நேராகவே இணைத்துவிடலாம்.

லிஸ்டர் வகைக்குப் புல்லி கணக்கு உண்டு. 1,500-ஐ 650-ஆல் வகுத்தால் 2.3. இன்ஜின் பக்கம் 14 அங்குலப் புல்லி, ஆல்டர்னேட்டர் பக்கம் 6 அங்குலம் என்றால் 1,517 சுற்று வரும், ஐம்பதரை ஹெர்ட்ஸ். இது நல்லது. ஏனென்றால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய கவர்னர் லோடு ஏற ஏறச் சுற்றை விட்டுக்கொடுக்கும். லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸில் வைத்தால் முழு லோடில் 50-க்கு வந்து நிற்கும். ஹெர்ட்ஸ் காட்டும் மல்ட்டிமீட்டர் ஒன்று கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். காதுக்குச் சரியாகக் கேட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 46 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் போர் மோட்டாரின் சுற்று எட்டு சதவீதம் குறையும், அது தள்ளும் உயரமோ பதினைந்து சதவீதம் குறையும். ஆழமான போர் என்றால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மேலே வராது.

எவ்வளவு கரண்ட் கிடைக்கும்? ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு ஹெச்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 ஹெச்.பி. இன்ஜினிலிருந்து 3 கிலோவாட், 5 ஹெச்.பி.யிலிருந்து இரண்டரை. ஆல்டர்னேட்டரை மட்டும் 5 கே.வி.ஏ. ஆகவே எடுங்கள், மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடிக்கு அந்த இடம் வேண்டும். அந்த நொடியில் கனத்த ஃப்ளைவீல் கைகொடுக்கும். வீட்டுக்கான 1 ஹெச்.பி. மோட்டார் தாராளமாக எடுக்கும். ஒன்றரை ஹெச்.பி. என்றால் மற்ற லோடெல்லாம் அணைத்துவிட்டு முயலலாம். ஆனால் தோட்டத்துப் போரில் தொங்கும் ஏழரை, பத்து ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டாரை இந்த இன்ஜின் ஓட்டவே ஓட்டாது. தக்காளிக்கும் மாங்கன்றுக்கும் தண்ணீர் கட்டலாம் என்ற ஆசையில் இன்ஜினை எழுப்பாதீர்கள். வீட்டுத் தொட்டி, மாட்டுத் தொட்டி வரைக்கும்தான் கணக்கு.

இப்போது காசு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. இன்ஜின், பெல்ட், ஆல்டர்னேட்டர் எல்லாம் தாண்டி நல்ல லோடில் கைக்கு வருவது இரண்டு முதல் இரண்டரை யூனிட். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது யூனிட் 40 ரூபாய். அரை கிலோவாட் லோடுக்கு ஓட்டினாலோ, இன்ஜின் தன்னைச் சுற்றிக்கொள்ளவே பெரும்பங்கு டீசலைக் குடித்துவிடும். லிட்டருக்கு ஒரு யூனிட்தான் தேறும், அதாவது யூனிட் 90 ரூபாய். மின்வாரியத்தில் இரண்டு மாதத்துக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்கு மேலும் ஒற்றை இலக்க விலையிலோ பத்தைக் கொஞ்சம் தாண்டியோதான் இருக்கிறது. ராத்திரி முழுக்க மூன்று ஃபேனுக்காக இன்ஜின் ஓடினால் ஐந்தாறு லிட்டர் போகும். குறைந்த லோடில் நெடுநேரம் ஓடினால் டீசலைத் தூவும் நாசிலிலும் வால்விலும் கரி படிந்து, சைலன்சரில் எண்ணெய் கசியத் தொடங்கும். இன்ஜினுக்குப் பசி எடுக்கும்படி லோடு கொடுக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது: ராத்திரியை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளட்டும். கரண்ட் வராமலே விடிந்துவிட்டால் காலையில் இன்ஜினை எடுத்து, தண்ணீர் ஏற்றி, கிரைண்டர் ஓட்டி, அதே நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியையும் ஏற்றிவிடுங்கள். இரண்டு மணி நேரம், இரண்டு மூன்று லிட்டர் டீசல். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தும் நாளுக்கு இன்வெர்ட்டரே போதும். இன்ஜின் வேண்டியிருப்பது வேறு நாட்களுக்கு. சித்திரை வைகாசியில் சூறைக்காற்று அடித்துக் கம்பம் சாய்ந்த ஊர்களுக்குத் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியதே, அப்படியான நாட்களில் சோலாரும் தராது, பேட்டரியும் இரண்டாம் ராத்திரி தாங்காது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் கறவை மாடுகள் நிற்கும். அன்றைக்கு ஹேண்டில் போட்டால் எழும் இன்ஜின் பெரிய சொத்து.

விளக்கு மினுக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். 650 சுற்றில் அது நொடிக்கு ஐந்தரை வெடி. குண்டு பல்பில் அந்தத் துடிப்பு கண்ணுக்கே தெரியும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி.யில் பெரும்பாலும் தெரியாது. மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் இது பொருட்டில்லை. டிவி, ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டரை நேராக இதில் போட வேண்டாம் என்பது என் கருத்து.

எழுப்பும் முன்

பல வருடம் நின்ற இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளைவீல். விரிசல் ஒன்று கண்ணில் பட்டாலும் அது காயலான் கடைக்குத்தான். அதைத் தண்டோடு பிடித்திருக்கும் கீ தளர்ந்திருந்தால் இறுக்காமல் சுற்றக் கூடாது. பிஸ்டன் ஒட்டியிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பைத் திறந்து அடி வரை வழியுங்கள். ராஜ்கோட் வார்ப்புகளில் வார்ப்பு மணல் உள்ளேயே தங்கியிருப்பது உண்டு, எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஃப்யூல் பம்ப்பையும் நாசிலையும் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்து டெஸ்ட் பண்ணி வாங்குங்கள், வீட்டில் கை வைக்க வேண்டாம். மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்வதற்கு முன், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்பின் ராக் தடையில்லாமல் நகர்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். ராக் திறந்த நிலையில் சிக்கினால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அப்போது இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கும் வாயைப் பலகையால் அடைப்பதுதான் சட்டென்று நிறுத்தும் வழி. பலகை பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஹேண்டில் சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எதிரடி அடித்தால் கட்டை விரல்தான் முதலில் போகும். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, வேகம் பிடித்ததும் விட்டு, ஹேண்டிலை உருவ வேண்டும். வேட்டி, சேலை முந்தானை, துப்பட்டா எதுவும் நெருங்காதபடி பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டாயம். புகைக் குழாய் ரூமுக்கு வெளியே போக வேண்டும். வீட்டுத் திண்ணையிலோ மூடிய அறையிலோ ஓட்டினால் புகையின் விஷவாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

குளிர்விக்கும் தண்ணீருக்குப் பழைய காலத்தில் பம்ப் தண்ணீரையே திருப்பி விட்டார்கள். இப்போது 200 லிட்டர் டிரம் ஒன்றை மேடையில் வைத்து, மேலும் கீழும் ஹோஸ் போட்டால் சூட்டாலேயே தண்ணீர் தானாகச் சுழலும். மேல் ஹோஸ் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். டிரம்மில் போர் தண்ணீர் வேண்டாம். ஃப்ளோரைடுக்குப் பேர்போன இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீர் உப்பும் அதிகம், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டுக்குள் பாறையாகப் படிந்துவிடும். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

புங்க எண்ணெயில் ஓடுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. நம் மெதுவான இன்ஜினும் ஓடும். ஆனால் சூடாக்காத கெட்டி எண்ணெய் நாசிலில் சரியாகத் தூவாது, பிஸ்டன் ரிங்ஸில் பிசின் பிடிக்கும். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். வருடத்துக்குச் சில நாள் ஓடப்போகும் இன்ஜினுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

எதைத் தள்ளிப் போட்டாலும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சைத் தள்ளிப் போடாதீர்கள். மெயினுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஆஃப் நிலை உள்ள, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் ஸ்விட்ச், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை ஏதோ ஒரு பிளக் பாயின்ட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பிப் போய் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி 11,000 வோல்ட்டாக லைனுக்குப் போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் மின்வாரிய ஊழியர். ஆல்டர்னேட்டர் பாடிக்கும் தனி எர்த் குழி போடுங்கள்.

செலவழிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஃபேனை மாற்றி இன்வெர்ட்டர் போடுங்கள். அடுத்து இன்ஜினை மட்டும் எழுப்பி, ஆல்டர்னேட்டர் இல்லாமல், கிணற்றிலோ தொட்டியிலோ பம்பை மாட்டிச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். புகை வெளுப்பாகவோ நீலமாகவோ வருகிறதா, எண்ணெய் குறைகிறதா, காலையில் குளிர்ந்த இன்ஜின் எத்தனை சுற்றில் எழுகிறது, அதைச் சுற்ற வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருப்பாரா என்று அந்த வாரங்களில் தெரிந்துவிடும். தேறினால் அதன் பிறகு ஆல்டர்னேட்டருக்கு முன்பணம் கொடுங்கள்.